டும்புவின் மூச்சு

தலையை மாட்டியாயிற்று. பின்கழுத்தில் கொக்கி விழும் சத்தம் கேட்டது. எனக்கு வேஷம் மாட்டிவிடுகிற விக்டோரியா அக்கா வழக்கம்போல உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டினாள். இனிமேல் நான் பரிமளா இல்லை, டும்பு என்று அதற்கு அர்த்தம். இனிமேல் பேசக்கூடாது, இருமக்கூடாது, குழந்தைகள் இருக்கிற இடத்தில் தலை போகிற அவசரமானாலும் தலையைக் கழற்றக்கூடாது. கையுறை இரண்டையும் சட்டைக்கு உள்பக்கமாக நாடா போட்டு இழுத்துக் கட்டிவிட்டாள், அதை நானாக அவிழ்க்க முடியாது. கட்டி முடிக்கிற நிமிஷம் பார்த்துத்தான் மூக்கு அரிக்கும். இப்போதும் அரிக்கிறது. வலது பக்கம், நுனிக்குக் கொஞ்சம் மேலே. உள்ளே பழைய ஸ்பாஞ்சும் டெட்டாலும் யாரோ எப்போதோ போட்டிருந்த பவுடரும் கலந்த வாசனை, வாசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கழுத்துக்குப் பின்னால் ஒரு குட்டி ஃபேன் உண்டு, அது சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டால் சுற்றும். டும்புவின் வாயில் கறுப்பு வலை அடித்திருக்கிறது, அது வழியாகத்தான் நான் உலகத்தைப் பார்க்கிறேன். டும்புவின் கண் இரண்டும் வெறும் பிளாஸ்டிக், யாரையும் பார்க்காமல் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும். டும்பு ஒரு எருமைக்கன்று. குழந்தைகள் பார்க்கில் எவனாவது எருமையைக் கொண்டுவந்து நிறுத்துவானா என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி குடும்பம் பால் வியாபாரத்தில் மேலே வந்த குடும்பம், அவர்களுக்கு எருமைதான் லட்சுமி. நான் எருமைக்குள்ளே வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்ட அன்று என் மாமியார், "பொருத்தமான ஆளத்தான் புடிச்சிருக்காங்க" என்றாள். தப்பில்லை. இது நாலு மணி ஷோ. இது முடிந்ததும் வேலையாட்களைக் கொண்டுபோகிற நாலரை வண்டி. அந்த வண்டியில் துரைக்கண்ணு அண்ணன் போகிறார், வேலையை விட்டு ஒரேயடியாக. ஷோ முடிந்ததும் போட்டோவுக்கு நிற்காமல் தலையைக் கழற்றிவிட்டு வண்டியடிக்கு வா என்று காலையில் சொன்னார். போவேனா என்று எனக்கே தெரியவில்லை. மூக்கு அரிக்கிறது.

துரைக்கண்ணு அண்ணன்தான் டும்புவின் குரல். ஒன்பது வருஷமாக நான் உடம்பு, அவர் குரல். மேடைக்குப் பின்னால் ஓரமாக ஒரு சின்ன அறை இருக்கிறது, நாங்கள் கூண்டு என்போம், ஒரு ஸ்டூல், ஒரு மைக், அண்ணனின் வெந்நீர் ஃபிளாஸ்க், கண்ணாடி போட்ட ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அவருக்குத் தெரிவது என் முதுகும் வாலும்தான். முதுகைப் பார்த்தே அவர் பேசுவார். என்னால் அவரைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும், நான் கேட்பதும் வசனத்தை அல்ல, வசனத்துக்கு முன்னால் வருவதை. அவருக்கு நெஞ்சில் நிரந்தரமாகக் கொஞ்சம் சளி. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மைக்கில் ஒரு மூச்சு இழுப்பார், ஸ்பீக்கரில் அது கதவுக்கடியில் காற்று நுழைகிற மாதிரி கேட்கும். அந்த மூச்சு வந்ததும் என் கை கிளம்பிவிடும். குரல் வரும்போது கை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு எருமை பேசுகிறது. யாரும் எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, நாங்களும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஒருநாள் அப்படி ஆயிற்று, அப்புறம் அப்படியே இருந்தது. போன மாதம் ஏசி வேனில் இரண்டு பேர் வந்து அண்ணனின் குரல் முழுவதையும் பதிவு பண்ணிக்கொண்டு போனார்கள். இனிமேல் பட்டனைத் தட்டினால் டும்பு பேசும், ஆள் தேவையில்லை. பதிவு பண்ணும்போது அண்ணனுக்கு வாயே வரவில்லை, எதிரில் டும்பு இல்லாமல் எப்படிப் பேசுவது என்று கேட்டு, என்னைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்திக்கொண்டார். நான் சுடிதாரோடு, தலையில்லாமல், எருமை மாதிரி ஆடினேன். அவர் பேசினார். மறுநாள் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பளபளவென்று இருந்தது. அண்ணன் வெளியே வந்து சிரித்துக்கொண்டே, "குப்ப சத்தமெல்லாம் க்ளீன் பண்ணிட்டாங்களாம். மூச்சயெல்லாம் வெட்டிட்டாங்கம்மா" என்றார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

விளக்கு அணைகிறது. குழந்தைகள் ஒரு தடவை கத்திவிட்டு அடங்குகிறார்கள். பின்னால் திரையில் குளம் வருகிறது, தாமரை, தவளை, சூரியன், எல்லாவற்றுக்கும் கண் இருக்கிறது, சூரியனுக்குக்கூட. நான் நடுவில் போய் நிற்கிறேன். கொக்கு கோமு திரையில் பறந்து வந்து, "டும்பு, எந்திரி, விடிஞ்சாச்சு" என்று சொல்லி அலகை மூடுகிறது. இப்போது டும்பு கொட்டாவி விட்டுச் சோம்பல் முறித்துப் பேச வேண்டும். காத்திருக்கிறேன். மூச்சு வரவில்லை. திடீரென்று, "இன்னும் அஞ்சு நிமிஷம் கோமு" என்று அண்ணனின் குரல் என் தலைக்கு மேலிருந்து விழுகிறது, எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது, பாதி வசனம் முடிந்த பிறகு என் கை மேலே போகிறது. முன்வரிசையில் ஒரு குழந்தை, "டும்பு தூங்குதுப்பா" என்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், நல்லவேளை, தூங்குகிற இடம்தான் அது. மேடையோர மறைப்பிலிருந்து விக்டோரியா அக்கா சொடக்குப் போடுகிறாள். கோமு என்னைச் சுற்றிப் பறக்கிறது, தலையை இடது பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது. அது மெர்லினின் சாய்ப்பு. முதலில் கோமுவும் மேடையில்தான் இருந்தது, வெள்ளை இறகு உடைக்குள் மெர்லின் இருந்தாள். அவள் வேலையை விடப்போகிறாள் என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர்காரர்கள் வந்து அவளை ஆட வைத்து, நடக்க வைத்து, திரும்ப வைத்து வீடியோ எடுத்துக்கொண்டார்கள், அப்புறம் கோமு திரைக்குப் போய்விட்டது. தவளை தவுலுவும் அப்படித்தான். ரகுபதி அதற்குள் இருந்தான், முட்டி தேய்ந்துபோய் நின்றுவிட்டான், இப்போது திரையில் தவுலு ஒரு தாவலில் குளத்தைத் தாண்டுகிறது. ரகுபதிக்கு மாடிப்படி ஏற முடியாது. இங்கே இருந்து போகிறவர்கள் எல்லோரும் படமாகிவிடுகிறார்கள். மேடையில் சதையோடு மிச்சம் இருப்பது நான்தான். என்னையும் ஒருநாள் ஆட வைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். அன்றைக்கு எதை எடுப்பார்கள், டும்புவின் நடையையா, என் நடையையா, இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா. பயப்பட வேண்டிய விஷயம். பயத்தைத் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை, மூக்கு அரிப்புதான் கிடைக்கிறது.

வீடியோ எடுக்க வந்தவர்களில் ஒருத்தன் நல்ல மாதிரி, டீ குடிக்கும்போது நிறையப் பேசுவான். கார்ட்டூன் ஆட்களுக்கு நடுநடுவே கண் சிமிட்ட வைத்தால் போதும், உயிர் வந்துவிடும் என்றான். "மூச்சு வுடறதெல்லாம் யாரு பாக்கப்போறாங்கக்கா, அத வரையறது வேஸ்ட்டு" என்றான். அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் நெஞ்சைத்தான் பார்க்கிறேன். மூச்சு விடுவதில்லை. பாட்டுப் பாடுகிறார்கள், மலையேறுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒருத்தருக்கும் மூச்சு வாங்குவதில்லை. வேர்ப்பதில்லை. ரோடு ரோலர் ஏறினால் அப்பளமாகிறார்கள், அப்புறம் ஒரு உதறு உதறி எழுந்து போகிறார்கள். மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் ஓடுகிறார்கள், கீழே குனிந்து பார்க்கிற வரைக்கும் விழுவதில்லை. இது எனக்குப் பிடிக்கும். இதை நான் படம் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை, எனக்கு முன்னமேயே தெரியும். திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரர் கோவாவுக்கு வேலைக்குக் கிளம்பினார், ஹோட்டல் வேலை, "போயிட்டு வந்துர்றேன்" என்றார். பஸ் திரும்புகிற வரைக்கும் கை காட்டினேன். பஸ் திரும்பின பிறகும் கொஞ்ச நேரம் காட்டினேன், பக்கத்தில் பூ விற்கிறவள், "போயிடுச்சு பாப்பா" என்று சொன்னாள். முதலில் ஃபோன் வந்தது, அப்புறம் எப்போதாவது வந்தது, அப்புறம் நான் கூப்பிட்டால் வேறு யாரோ எடுத்தார்கள். பதினோரு வருஷம். நான் குனிந்து பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தால் நின்றுகொண்டே இருக்கலாம். யாரையும் வழியனுப்பப் போவதும் இல்லை. இங்கே வாரத்துக்கு ஒருத்தர் போகிறார்கள், கேக் வெட்டுகிறார்கள், நான் சரியாக அந்த நேரத்துக்குப் போட்டோ வரிசையில் நின்றுவிடுவேன், டும்புவோடு போட்டோ எடுக்க எப்போதும் கூட்டம் இருக்கும், யாரும் குறை சொல்ல முடியாது. நாளெல்லாம் முன்பின் தெரியாத குழந்தைகளுக்கு டாட்டா காட்டுகிறேன். கையுறை காட்டுகிறது, உள்ளே கை சும்மா இருக்கிறது. மெர்லின் போன அன்று அப்படித்தான் வரிசையில் நின்றேன். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, டிக்கெட் வாங்கின ஜனங்களோடு வரிசையில் நின்று, முறை வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். கட்டிக்கொண்டது ஸ்பாஞ்சுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. அந்தப் போட்டோவில் டும்பு சிரித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த வசனத்துக்கும் தாமதம். தாமரை இலையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "நான் எப்பிடி இருக்கேன் செல்லங்களா" என்று கேட்க வேண்டும், குரல் கேட்டுவிடுகிறது, இலை இன்னும் தரையில் கிடக்கிறது. ஒரு அப்பா தன் மனைவியிடம், "ரெக்கார்டு போலருக்கு, சிங்க் ஆகல" என்கிறார். விக்டோரியா அக்காவின் சொடக்கு இப்போது கைதட்டலாகிவிட்டது. வலை வழியாக வரிசை வரிசையாகப் பார்க்கிறேன், பார்க்க வேண்டும் என்று இல்லை, தலை திரும்புகிற பக்கம் வலை திரும்புகிறது. மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம், வெளியே போகிற வழிக்குப் பக்கத்தில் துரைக்கண்ணு அண்ணன். மடியில் ரெக்சின் பை. கட்டம் போட்ட சட்டை, பொங்கலுக்கு எடுத்தது. காலையில் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தார், நான்தான் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"நாலு மணி ஷோக்கு நான் கூண்டுல இல்லம்மா. பதிவு பண்ணதத்தான் போடப்போறாங்க."

"அப்ப நீங்க?"

"எதிர்ல ஒக்காந்து பாக்கப்போறேன். இத்தன வருசத்துல டும்புவ நான் முன்னாடிலேர்ந்து பாத்ததே இல்ல. ஒன் முதுகு எனக்கு மனப்பாடம்."

"முன்னாடி என்னாண்ணே இருக்குது. அதே ஸ்பாஞ்சுதான்."

"ஷோ முடிஞ்சதும் போட்டோவுக்கு நிக்காத. தலைய கழட்டிட்டு வண்டிகிட்ட வா. மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்."

"பாக்கலாம்ண்ணே."

"மெர்லினுக்குச் செஞ்ச மாதிரி செய்யாதம்மா." அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். மகள் வீடு ஆம்பூரில் இருக்கிறது, இனிமேல் அங்கேதான் இருக்கப்போகிறார். ஆம்பூர் ஒன்றும் கோவா இல்லை, பஸ் ஏறினால் சாயந்திரத்துக்குள் போய்விடலாம். ஆனால் நான் போகமாட்டேன் என்று அவருக்கும் தெரியும். இந்த இடத்துக்கு வெளியே எங்களுக்குள் என்ன உறவு, யாராவது கேட்டால் என்ன சொல்வது, நான் முன்னங்கால், அவர் தொண்டை என்றா. இப்போது மூன்றாவது வரிசையில் அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். திரையில் தவுலு தாவி வந்து, "டும்பு, குளத்துல தண்ணி கொறையுது" என்கிறது, வாயை மூடுகிறது. அண்ணனின் தோள் இரண்டும் மெல்ல மேலே எழும்புகின்றன. வாய் அசையவில்லை. நெஞ்சு நிறைகிறது. என்னை அறியாமல் என் கை கிளம்பிவிட்டது. "அய்யய்யோ, அப்ப நான் எங்க குளிப்பேன்" என்று மேலேயிருந்து குரல் வரும்போது என் கை கன்னத்தில் இருக்கிறது. சரியாக, கன்னத்தில். குழந்தைகள் கைதட்டுகிறார்கள்.

அப்புறம் ஒரு வசனம்கூடத் தப்பவில்லை. அவர் வேண்டுமென்று செய்கிறாரா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். இல்லை. தன் குரலைத் தானே கேட்கிறவர் மாதிரிக்கூட அவர் இல்லை, படம் பார்க்கிறவர் மாதிரி கண்ணை அகல விரித்து மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆனால் டும்பு பேச வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் அவருடைய உடம்பு தானாக மூச்சை இழுத்து வைத்துக்கொள்கிறது, பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் அப்புறம் விட்டுவிடுகிறது. வெட்டி எறிந்த மூச்சு அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. நான் ஆடுகிறேன். வயல் வரப்பில் ஓடுகிறேன், சேற்றில் விழுகிறேன், கோமுவோடு சண்டை போடுகிறேன். கோமு கோபித்துக்கொண்டு பறந்துபோகிறது. ஷோவில் இதுதான் சோகமான இடம், நீல வெளிச்சம் போடுவார்கள், சின்னக் குழந்தைகள் ஒன்றிரண்டு அழும். எனக்கு இந்த இடத்தில் எப்போதும் மத்தியானம் சாப்பிட்டது ஞாபகம் வரும். கார்ட்டூனில் போனவர்கள் திரும்பி வருவார்கள். கடைசி ஐந்து நிமிஷத்தில் கட்டாயம் வருவார்கள், வராவிட்டால் டிக்கெட் பணம் திருப்பிக் கேட்பார்கள். கோமுவும் வரும், தனியாக வராது, ஊர்க் கொக்கையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து மேகத்தைத் தள்ளி மழை பெய்ய வைக்கும். எல்லோருக்கும் தெரியும். அழுகிற குழந்தைக்கும் தெரியும், போன வாரம்தான் வந்துவிட்டுப் போயிருக்கும். தெரிந்தும் அழுகிறது. அந்தக் குழந்தையைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கிறது, அது பொறாமை என்றும் தெரிகிறது. நீல வெளிச்சத்தில் நெற்றிக்கு மேலே கையை வைத்துக்கொண்டு டும்பு கூட்டத்துக்குள் தேட வேண்டும். மூன்றாவது வரிசையைப் பார்க்கிறேன். தோள் எழும்புகிறது. "கோமு, எங்க போன?" இடது பக்கம் திரும்பித் தேடுகிறேன். பின்வரிசையில் ஒருத்தர் ஃபோன் வெளிச்சத்தில் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் பார்க்கிறார். வலது பக்கம் திரும்பி மறுபடியும் மூன்றாவது வரிசைக்கு வருகிறேன். நாற்காலி காலி. மடங்குகிற நாற்காலி, உட்காரும் பலகை மேலே எழும்பி ஒட்டிக்கொண்டுவிட்டது. "எங்க போன? சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று அண்ணனின் குரல் கேட்கிறது, பளபளவென்று, மூச்சில்லாமல், என் கை இடுப்புக்குப் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. வெளியே போகிற கதவின் திரை ஆடிக்கொண்டிருக்கிறது. வண்டிக்கு நேரமாயிருக்கும், முன்னாலேயே போய் உட்கார்ந்தால்தான் சீட் கிடைக்கும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். பக்கத்து மறைப்பில் விக்டோரியா அக்கா கையைக் காலை ஆட்டுகிறாள்.

மழை வந்தது. கொக்குகள் வந்தன. மேலேயிருந்து சோப்பு நுரை விழுந்தது, குழந்தைகள் எழுந்து பிடித்தார்கள். கடைசி வசனம். கோமு திரையிலிருந்து, "நீயும் என்ன விட்டுட்டுப் போயிடுவியா டும்பு?" என்று தலையைச் சாய்த்துக் கேட்கிறது, மெர்லின் கேட்கிறாள், அலகு மூடுகிறது. நான் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "நான் எங்கயும் போகமாட்டேன். இங்கயேதான் இருப்பேன். கூப்ட்டா வருவேன்" என்கிறார் அண்ணன். டும்பு நெஞ்சில் கை வைத்துத் தலையாட்ட வேண்டும். கை போகவில்லை. எவ்வளவு நேரம் போகவில்லை என்று தெரியாது, பாட்டு ஆரம்பித்துவிட்டது, விளக்கு வந்துவிட்டது, அப்புறம்தான் வைத்தேன், எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கையுறைக்கும் ஸ்பாஞ்சுக்கும் உள்ளே தூரத்தில் ஏதோ அடித்துக்கொள்கிறது. ஃபேன் ஓட ஆரம்பித்துவிட்டதா என்று நினைத்தேன். ஃபேன் கழுத்துக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது. விக்டோரியா அக்கா வந்து என் கையைப் பிடித்துப் போட்டோ எடுக்கிற மேடைக்கு இழுத்துப் போகிறாள், "என்னாடி இன்னிக்கு ஒனக்கு, சூடேறிப்போச்சா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறாள், நான் பதில் சொல்லக்கூடாது, அது அவளுக்கும் தெரியும். வரிசை கதவு வரைக்கும் போயிருக்கிறது. முதலில் ஒரு சின்னப் பெண், பாவாடை சட்டை, கையில் உருகுகிற ஐஸ். இங்கே நின்றுவிட்டால் போதும். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வருவார்கள், நாலரை தானாகத் தாண்டும், ஒன்றும் ஆகாது, இதுவரைக்கும் ஆனதில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "டும்பு, நீ எங்கயும் போகமாட்டியா?" என்று கேட்கிறது. குனிந்து பார்த்தேன். உண்மையாகவே, அது குட்டையாக இருந்ததால். குனிந்த பிறகு நிமிர முடியவில்லை. காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்று தெரிந்தது, பயம் இப்போதுதான் வந்தது, தண்ணீர் லாரியின் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வந்தது. அவர் போகிறார். துரைக்கண்ணு அண்ணன் போகிறார், இனிமேல் யாரும் எனக்கு முன்னால் மூச்சு இழுக்கமாட்டார்கள். நான் திரும்பினேன். விக்டோரியா அக்காவின் கையை உதறினேன், ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. "எங்கடி போற?" என்றவள், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து, "டும்பு தண்ணி குடிக்கப் போகுது, ரெண்டே நிமிஷம்" என்றாள். மறைப்புக்குப் பின்னால் வந்து கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் கொக்கியை எடுத்துவிட்டாள்.

எருமைக் காலோடு ஓட முடியாது. ஒவ்வொரு குளம்பும் தலையணை அளவு. விக்டோரியா அக்கா சுற்றிக் கொடுத்த வாலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முகத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, சமையல்கட்டுக்குப் பின்னால், காஸ் சிலிண்டர் சந்து வழியாகப் போனேன். வெயில் முகத்தில் அடித்தது. நாள்பட்ட எண்ணெய் வாசனை அடித்தது. பாத்திரம் கழுவுகிறவர்கள் பார்த்தார்கள். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. துரைக்கண்ணு அண்ணன் ஏறவில்லை, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார், டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு மேல்மூச்சு வாங்கியது. இவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, புருவத்தில் இரண்டு முடி நீளமாக வெள்ளையாக இருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒன்றும் யோசித்து வரவில்லை. எனக்கு வசனம் கிடையாது, எப்போதுமே அவருக்குத்தான் வசனம்.

"அண்ணே, மூக்கு அரிக்குது" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், நாடா போட்டுக் கட்டின கறுப்புக் குளம்புகளை. பையைக் கீழே வைத்தார். "எங்க?"

"வலது பக்கம். கொஞ்சம் மேல."

ஆள்காட்டி விரலால் சொறிந்துவிட்டார். ஒழுங்காக, அவசரமில்லாமல், நகம் படாமல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவு சுகமாக இருந்தது, அழுகை வந்துவிட்டது, அழுதேன், நடுரோட்டில் எருமை மாதிரி நின்று வாய்விட்டு அழுதேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தார், வேர்வையையும் சேர்த்து.

"முன்னாடிலேர்ந்து நல்லாத்தாம்மா இருக்குது டும்பு" என்றார். "மொதல்லதான் கொஞ்சம் லேட்டு. அப்பறம் சரியாயிடுச்சு."

"நீங்க மூச்சு இழுத்தீங்க. அதப் பாத்துதான் செஞ்சேன்."

"நானா? எப்ப?" அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

டிரைவர், "பெருசு, ஏறுறியா இல்லியா" என்றான். அண்ணன் பையை எடுத்துக்கொண்டார். அவர் எப்படியும் போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்வார், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அதைக் கேட்காமல் இருக்கத்தான் நான் இத்தனை வருஷம் வரிசையில் நின்றேன். அவர் படியில் ஏறி, என் முகத்தை இன்னொரு தடவை பார்த்து, தோளை உயர்த்தி மூச்சை இழுத்தார். சளி லேசாகக் கரகரத்தது. "போறேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வண்டி கிளம்பியது. கை காட்டினேன். கையுறைக்குள்ளே கையும் சேர்ந்து ஆடியது, தோள்பட்டை வலிக்கிற அளவுக்கு ஆட்டினேன். கேட்டைத் தாண்டி வண்டி திரும்பினதும் நிறுத்திக்கொண்டேன்.

ஐந்தரை ஷோ. கொக்கி விழுகிறது. இரண்டு தட்டு. இந்த முறை இரண்டாவது தட்டுக்கு அப்புறம் விக்டோரியா அக்கா கையை உடனே எடுக்கவில்லை. உள்ளே ஸ்பாஞ்சு இன்னும் ஈரமாக இருக்கிறது. விளக்கு அணைகிறது, குளம் வருகிறது, கண் வைத்த சூரியன் வருகிறது. மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு அம்மா கைக்குழந்தைக்குப் பால் பாட்டில் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் இல்லை. இல்லாதது வலிக்கிறது, நெஞ்சுக்குழியில், இன்ன இடம் என்று தொட்டுக் காட்டுகிற மாதிரி வலிக்கிறது. கோமு வந்து எழுப்பிவிட்டு அலகை மூடுகிறது. நான் வாயைத் திறந்து, சத்தமாக, தலைக்குள் முழுவதும் கேட்கிற மாதிரி மூச்சை இழுக்கிறேன். குரல் வருகிறது. கை மேலே இருக்கிறது.